லேயர் சேர்க்கும் முன் ஆறு சொல்

சிந்தசைசரில் இசை செய்யத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் கணினியில் எத்தனை லேயர் வேண்டுமானாலும் அடுக்கலாம். அதனாலேயே இவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1. ஒவ்வொரு லேயருக்கும் ஒரு வேலை கொடுங்கள். 1987-இல் வந்த ரோலண்ட் டி-50 சிந்தசைசரைப் பாருங்கள். ஸ்வரம் தொடங்கும் கணத்துக்குப் பதிவு செய்த ஒலியின் சிறு துண்டு. அதன்பின் நீளும் பகுதிக்கு சிந்த் அலை. இது என்ன கருவி என்று காது பெரும்பாலும் அந்தத் தொடக்கத்தை வைத்தே முடிவு செய்கிறது. ஆகவே தொடக்கத் தாக்கத்துக்கு ஒன்று, நீளும் உடம்புக்கு ஒன்று போதும்.

2. அடித்தளத்தில் ஒரே ஒலி இருக்கட்டும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸ் லேயர்களில் ஒன்று மட்டும் பேசட்டும். மற்றவற்றை ஹை-பாஸ் ஃபில்டரால் வெட்டுங்கள். அப்படி வெட்டிய பேடை, அதாவது பின்னணியில் நீண்டு ஒலிக்கும் லேயரை, தனியாகக் கேட்டால் மெலிந்து தெரியும். பயப்படாதீர்கள், பாட்டோடு சேர்த்துக் கேளுங்கள்.

3. டீட்யூனை, அதாவது லேயர்களுக்கு இடையிலான சுருதி விலகலை, அளந்து போடுங்கள். 440 ஹெர்ட்ஸும் 442 ஹெர்ட்ஸும் சேர்ந்தால் ஒலி நொடிக்கு 2 முறை ஏறி இறங்கும். இந்தச் சுருதி இடைவெளி ஏறத்தாழ 8 சென்ட், பேடுக்கு அழகு. அதே 8 சென்டை 55 ஹெர்ட்ஸ் பேஸில் வைத்தால், ஏறக்குறைய 4 நொடிக்கு ஒருமுறை பேஸ் அமுங்கி எழும். டான்ஸ் பாட்டில் கிக் விழும் இடத்தில் அது அமுங்கினால் பாட்டே தளர்ந்துவிடும்.

4. சேர்த்த பிறகு ஒலி மெலிந்தால் ஃபேஸைச் சந்தேகியுங்கள். ஒரு லேயரின் அலைமேடு மற்றதன் பள்ளத்தில் விழுந்து இரண்டும் அழிகின்றன. ஒரு லேயரின் போலாரிட்டியைத் திருப்பிப் பாருங்கள். மிக்ஸை மோனோவிலும் கேளுங்கள். பல ஃபோன், புளூடூத் ஸ்பீக்கர்களில் உங்கள் பாட்டு ஏறத்தாழ அப்படித்தான் ஒலிக்கும்.

5. ரிவெர்பை எல்லாவற்றிலும் ஊற்றாதீர்கள். தாக்கம் தரும் லேயர் உலர்ந்தே இருக்கட்டும். அப்போதுதான் அது முன்னால் நிற்கும்.

6. ஒப்பிடும்போது சத்தத்தைச் சமன் செய்யுங்கள். சத்தம் கூடினாலே காது அதை நல்லது என்று நம்பிவிடும். புது லேயர் சேர்த்ததும் மொத்த அளவைப் பழைய நிலைக்கு இறக்கி, அந்த லேயரை ம்யூட் செய்து பாருங்கள். குறை தெரியவில்லையா? தயங்காமல் நீக்குங்கள்.

இன்றே பழைய பாட்டு ஒன்றைத் திறந்து, லேயர்களை ஒவ்வொன்றாக ம்யூட் செய்து கேளுங்கள். நல்ல காது அப்படித்தான் வளரும்.