பனிக்காட்டுப் பூனையும் பத்தாண்டுக் கணக்கும்

கனடாவின் வடபகுதியிலும் அலாஸ்காவிலும் ஊசியிலை மரங்கள் அடர்ந்த பனிக்காடுகளில் வாழும் பூனையினமே கனடா லிங்க்ஸ். எடை ஏறத்தாழ 10 கிலோ. காது நுனியில் கறுத்த மயிர்க்கற்றை, நுனி கறுத்த கட்டை வால், நீண்ட பின்னங்கால்கள் ஆகியவை இதன் அடையாளங்கள். பாதங்களோ உடலுக்குப் பொருந்தாத அளவு அகன்றவை. ஆதலால் மென்பனியில் புதையாமல் நடக்கிறது. (இதனினும் பெரிய வேறொரு லிங்க்ஸ் இனம் நம் நாட்டில் லடாக்கில் உண்டு.)

அணிலையும் காட்டுக்கோழியையும் இது தின்னும் என்றாலும், குளிர்காலத்தில் இதன் உணவு பெரும்பாலும் பனிமுயலே. முயல் மிகுந்த ஆண்டில் பெண் லிங்க்ஸ் நான்கைந்து குட்டிகள் ஈனும். முயல் அருகிய ஆண்டில் குட்டி பிறப்பதே அரிது. பிறந்தாலும் பிழைப்பது அதனினும் அரிது. வளர்ந்தவை இரை தேடி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அலைகின்றன.

ஹட்சன் விரிகுடாக் கம்பெனியார் வேடர்களிடம் வாங்கிய தோல்களுக்குக் கணக்கு வைத்திருந்தனர். மெக்கன்சி ஆற்றுப் பகுதியில் 1828 இல் 5,943 லிங்க்ஸ்கள் பிடிபட்டன. 1832 இல் கிடைத்தவை 98 மட்டுமே! இக்கணக்குகளைச் சார்ல்ஸ் எல்ட்டனும் மேரி நிக்கல்சனும் ஆராய்ந்து, சுமார் பத்தாண்டுக்கு ஒருமுறை எண்ணிக்கை ஏறி இறங்குவதை 1942 இல் காட்டினர்.

சூழ்நிலையியல் நூல்களில் முயலுக்கு ஒன்றும் லிங்க்ஸுக்கு ஒன்றுமாக இரண்டு அலைகள் வரைந்திருப்பதை நண்பர்கள் கண்டிருப்பர். "முயல் பெருக லிங்க்ஸ் பெருகும், லிங்க்ஸ் பெருக முயல் குறையும்" என்று எழுதினால் நமக்கு மதிப்பெண் கிடைத்துவிடும். ஆயினும் 1973 இல் மைக்கேல் கில்பின் அக்கணக்கைச் சோதித்தபோது, சில காலங்களில் அலைகள் தலைகீழாக இருந்தன. "முயல்கள் லிங்க்ஸைத் தின்கின்றனவா?" என்றே தம் கட்டுரைக்குத் தலைப்பிட்டார்! தோலின் கணக்கு வேறு, காட்டிலுள்ள உயிரின் கணக்கு வேறு அல்லவா? வேடர் எத்தனை பேர் சென்றனர், தோல் என்ன விலை போயிற்று என்பனவும் அதில் கலந்துள்ளன.

எனவே காட்டிலேயே சோதனை தேவைப்பட்டது. யூக்கான் பகுதியில் குளுவானி என்னுமிடத்தில், சார்ல்ஸ் கிரெப்ஸ் குழுவினர் 1986 முதல் சுமார் பத்தாண்டுகள் உழைத்தனர். ஓரிடத்தில் மின்வேலியிட்டு, முயலை விட்டு லிங்க்ஸ் போன்ற நாற்கால் கொன்றுண்ணிகளை மட்டும் தடுத்தனர், முயல்கள் இருமடங்காயின. வேறிடத்தில் வேலியின்றி உணவு மட்டும் இட்டனர், மும்மடங்காயின. இரண்டையும் ஒருங்கே செய்த இடத்திலோ சுமார் பதினொரு மடங்கு! உணவும் பகையும் தனித்தனியே அன்றி, ஒன்றையொன்று வலுப்படுத்தியே முயலின் எண்ணிக்கையை ஆளுகின்றன என்பது இதனால் புலனாயிற்று.

இன்னும் ஒரு புதிர் எஞ்சியது. முயல் குறைந்தபின் லிங்க்ஸும் குறைந்துவிடுகிறது. அப்படியிருந்தும் முயல்கள் உடனே பெருகாமல் சில ஆண்டுகள் தேங்கி நிற்பது ஏன்? பின்னர் நடந்த ஆய்வுகள் காட்டும் விடை வியப்பிற்குரியது. துரத்தப்பட்டு அஞ்சி வாழும் தாய்முயலின் குருதியில் கார்ட்டிசால் என்னும் சுரப்பு மிகுகிறது. அது ஈனும் குட்டிகள் எண்ணிக்கையிலும் எடையிலும் குறைகின்றன. தாயின் அச்சம் குட்டியின் உடலிலும் தொடர்கிறது.