நாலு பேர், நாலு பை, ஒரே விசாவா?

சித்தூர், திருப்பதிப் பக்கம் ‘ஃபாரின்’ என்றால் நேற்றுவரை இரண்டே வழிதான். இன்ஜினீயரிங் முடித்தவன் எம்.எஸ். படிக்க அமெரிக்கா போவான். படிப்பு ஏறாதவன் குவைத்துக்குப் போவான். பல வீடுகளில் அவனுக்கு முன்பே அவன் அம்மா போயிருப்பாள். இப்போது மூன்றாவதாக ஒரு வழி பேச்சில் அடிபடுகிறது. முதுகில் ஒரு பை, கூடவே கல்லூரி நண்பர்கள் மூன்று பேர், ஒரு வருஷம் வெளிநாடு. கொஞ்ச நாள் வேலை, கையில் காசு சேர்ந்ததும் ஊர் சுற்றல், மறுபடி வேலை.

ஆஸ்திரேலியா இதற்கென்றே தனி விசா கொடுக்கத் தொடங்கியது 1975-இல். பிரிட்டன், கனடா, அயர்லாந்துப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் கிடைத்தது. நம் பிள்ளைகளுக்குக் கதவு திறக்க அரை நூற்றாண்டு ஆனது: 2023-இல் பிரிட்டன், 2024-இல் ஆஸ்திரேலியா. கதவு திறந்திருப்பது உண்மை. ஆனால் எவ்வளவு திறந்திருக்கிறது, யாருக்குத் திறந்திருக்கிறது என்பதில் டீக்கடைப் பேச்சும் ரீல்ஸும் சொல்வதில் பாதி தப்பு. அந்தத் தப்புகளுக்கு விலை போட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள்.

நம்பிக்கை: நண்பர்கள் நாலு பேரும் சேர்ந்தே விண்ணப்பித்து, சேர்ந்தே கிளம்பலாம்.

இதில்தான் முதல் அடி விழும். ஆஸ்திரேலியாவின் ‘வொர்க் அண்ட் ஹாலிடே’ விசா (சப்கிளாஸ் 462) இந்தியர்களுக்கு வருஷத்துக்கு 1,000 பேருக்குத்தான். இரு நாட்டு வணிக ஒப்பந்தத்தில் பேசி முடித்த எண் அது. யாருக்கு என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. குலுக்கலில் குழு என்று ஒன்று கிடையாது. ஆளுக்கு ஒரு பதிவு, ஒரு வருஷத்துக்கு ஒரே முறை. 2024 அக்டோபரில் முதல் பதிவு தொடங்கி இரண்டு வாரத்திலேயே சுமார் 40,000 பேர் பதிந்துவிட்டதாக ஆஸ்திரேலியத் துணை அமைச்சரே சொன்னார்.

அந்த எண்ணையே வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒருவருக்கு விழுகிற வாய்ப்பு நாற்பதில் ஒன்று. நாலு பேருக்கும் ஒரே வருஷத்தில் விழ வேண்டுமானால் 25 லட்சத்து 60 ஆயிரத்தில் ஒன்று. நாலு பேரில் யாராவது ஒருவருக்காவது விழும் வாய்ப்பே பத்தில் ஒன்றைத் தொடவில்லை. பதிவு மாதம் முழுக்க நடந்ததால் உண்மை நிலவரம் இதைவிட இறுக்கம்தான்.

பிரிட்டனின் ‘யங் புரொஃபஷனல்ஸ் ஸ்கீம்’ கொஞ்சம் தாராளம். வருஷத்துக்கு 3,000 இடம், இரண்டு வருஷம் வரை தங்கலாம். அங்கேயும் குலுக்கல்தான், தனித்தனிதான். மனைவி, கணவன், பிள்ளை யாரையும் கூட்டிச் செல்ல முடியாது. நண்பனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ‘நான் போனா நீயும் வரணும்டா’ என்று பேசி வைத்துக்கொண்டு, ஒருவனுக்கு மட்டும் விழுந்து, அவன் கிளம்பலாமா வேண்டாமா என்று வாட்ஸ்அப் குரூப்பே இரண்டாக உடைவதைவிட, விழுந்தவன் போவான் என்று முன்னாலேயே முடிவு செய்துகொள்வது நட்புக்கு நல்லது.

நம்பிக்கை: நல்ல ஏஜென்ட் இருந்தால் குலுக்கலில் பெயர் வந்துவிடும்.

வராது. கம்ப்யூட்டர் குலுக்கிப் போடுகிற பெயரை எந்த ஏஜென்டும் மேலே தூக்க முடியாது. பிரிட்டன் குலுக்கலில் சேரக் கட்டணமே இல்லை. சுமார் 48 மணி நேரம் திறந்திருக்கும் பக்கத்தில் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் விவரம் கொடுத்தால் போதும். ஆஸ்திரேலியாவுக்கு 25 ஆஸ்திரேலிய டாலர்தான். இந்த இரண்டுக்கும் ‘ப்ராசசிங்’ என்று 50,000 கேட்பவரிடம், காணிப்பாக்கத்துக்கு வந்து வரசித்தி விநாயகர் முன்னால் சத்தியம் செய்கிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள். நம் ஜில்லாவில் அந்தக் கேள்விக்கு இன்னும் மரியாதை உண்டு.

ஏஜென்டைவிட உங்களுக்கு நிஜமாகவே உதவக்கூடியது பான் கார்டு. ஆஸ்திரேலியக் குலுக்கலில் இந்தியர்கள் பாஸ்போர்ட்டோடு பான் எண்ணையும் கொடுக்க வேண்டும். நம் ஊர்க் குளறுபடி இங்கேதான் தலைகாட்டும். சித்தூர், நகரி, புத்தூர்த் தமிழ் வீட்டுப் பையன் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘எம். சுரேஷ்’. பான் கார்டில் இனிஷியலை விரித்து ‘முனுசாமி சுரேஷ்’. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி, வெறும் ‘சுரேஷ்’. பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பையனுக்கு வீட்டுப் பெயர் ஓர் ஆவணத்தில் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் காணோம். குலுக்கலில் விழுந்த பிறகு இதைச் சரிசெய்ய ஓடுவது மடத்தனம். திருப்பதியிலேயே பாஸ்போர்ட் சேவா கேந்திரம் இருக்கிறது. பதிவு தொடங்கும் முன்பே எல்லா ஆவணத்திலும் ஒரே பெயராக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனுக்கு விழுந்தால் காசநோய் இல்லை என்று அவர்கள் அங்கீகரித்த கிளினிக்கில் சான்றிதழ் வாங்க வேண்டும். கைரேகை, போட்டோ கொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் சென்னை போய் வந்தால் ஆயிற்று.

நம்பிக்கை: படிப்பு முக்கியமில்லை, உடம்பில் தெம்பு இருந்தால் போதும்.

ஆஸ்திரேலியாவுக்குப் பள்ளிக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருஷப் படிப்பு, ஓரளவு ஆங்கிலம், சுமார் 5,000 டாலர் கைக்காசு வேண்டும். பிரிட்டனுக்கு டிகிரி கட்டாயம். அக்கவுண்டில் 2,530 பவுண்டு 28 நாள் அசையாமல் கிடக்க வேண்டும். அதற்கு மேல் இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து மருத்துவக் கட்டணம் 1,552 பவுண்டை முன்கூட்டியே கட்ட வேண்டும். அது மட்டுமே ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் வரும். வீட்டில் இந்தத் தொகையைச் சொல்லிவிட்டுக் கனவு காணத் தொடங்குங்கள்.

நம்பிக்கை: குலுக்கல் போனால் போகட்டும். டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே வேலை தேடிக்கொள்ளலாம்.

மற்ற நம்பிக்கைகள் பணத்தைத்தான் தின்னும். இது ஆளையே தின்றுவிடும்.

நம் பக்கத்துக்கு இது புதுசும் இல்லை. குவைத் போனவர்களுக்கு ‘ஆசாத் விசா’ தெரியும். ஒருவர் பெயரில் விசா, வெளியில் யாரிடம் வேண்டுமானாலும் வேலை என்று ஏஜென்ட் சொல்வது. சட்டத்தில் அப்படியொரு விசாவே கிடையாது. பிடிபட்டால் வேலை கொடுத்தவன் ஒதுங்கிக்கொள்வான், மாட்டுவது தொழிலாளிதான். 2018-லும் 2024-லும் குவைத் பொதுமன்னிப்பு அறிவித்தபோது தூதரக வாசலில் வரிசையில் நின்றவர்களில் ராயலசீமாக்காரர்கள் நிறையப் பேர். அவர்களுடைய பிள்ளைகள்தான் இன்று அதே கதையை ‘பேக்பேக்கிங்’ என்ற புதுச் சட்டையில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

2024 ஜூலையில் தாய்லாந்து, இந்தியர்கள் விசா இல்லாமலே 60 நாள் தங்கலாம் என்றது. சுற்றிப் பார்க்கத்தான் அந்த அனுமதி. அதில் வேலை செய்தால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், பிறகு நாடுகடத்தல். அபராதத்தோடு முடிந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்ல வைக்கும் இன்னொரு பக்கம் இருக்கிறது. பாங்காக்கில் டேட்டா என்ட்ரி, கஸ்டமர் சப்போர்ட், தங்குமிடம் இலவசம், நண்பர்களோடு வந்தால் எல்லாருக்கும் வேலை. இந்த விளம்பரத்தை நம்பி இறங்கியவர்களைக் காரில் ஏற்றி மே சோட் எல்லை நகரத்துக்குக் கொண்டுபோய், மோய் ஆற்றைத் தாண்டி மியான்மரின் மியாவாடியில் இறக்கிவிடுகிறார்கள். உள்ளே போனதும் பாஸ்போர்ட் பறிபோகும். பிறகு வேலி போட்ட வளாகத்துக்குள் உட்கார்ந்து, இந்தியாவில் இருக்கும் யாரோ ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாரை ‘உங்கள் பெயரில் போதைப்பொருள் பார்சல் வந்திருக்கிறது’ என்று மிரட்டிப் பணம் பறிப்பதுதான் வேலை. 2025 மார்ச் 10, 11 தேதிகளில் இந்திய விமானப் படை விமானங்கள் மே சோட்டிலிருந்து இப்படி மாட்டியிருந்த 549 பேரை ஏற்றிக்கொண்டு வந்தன.

ஆந்திராவுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். 2024 மே மாதத்தில் விசாகப்பட்டினம் போலீஸ் பிடித்த ஏஜென்ட்கள் இதே டேட்டா என்ட்ரி கதையைச் சொல்லித்தான் பையன்களைக் கம்போடியாவுக்கு அனுப்பியிருந்தார்கள். இப்படிக் கூட்டாளியை நம்பிக் கிளம்புகிறவர்களும் உண்டு. ‘அவனும் வரான், பயம் என்ன?’ என்பதுதான் ஏஜென்டுக்குக் கிடைக்கும் இலவச விளம்பரம்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பெயர் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் இருக்கும். அவர் ஒரு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய அதிகபட்சச் சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதோடு ஜி.எஸ்.டி. பெயர் அந்தப் பட்டியலில் இல்லை என்றால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. ‘டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே மாத்திடலாம்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள், குடித்த டீக்கும் நீங்களே காசு கொடுத்துவிட்டு.

நம்பிக்கை: ஹாஸ்டலில் வேலை செய்தால் படுக்கை இலவசம். சம்பளம் வாங்காததால் அது வேலை ஆகாது.

பல நாடுகளில் அதுவும் வேலைதான். காசுக்குப் பதில் படுக்கை வாங்குகிறீர்கள், அவ்வளவே. பிரிட்டனில் விசிட்டர் விசாவில் தொண்டு வேலை செய்யலாம். ஆனால் பதிவு பெற்ற அறக்கட்டளையில், மொத்தம் 30 நாளுக்குள். ஹாஸ்டல் ரிசப்ஷன் அறக்கட்டளை ஆகாது.

நம்பிக்கை: ஆஸ்திரேலியத் தோட்டத்தில் மூன்று மாசம் பழம் பறித்தால் போட்ட பணம் திரும்பிவிடும்.

இதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பேக்பேக்கர்கள் பறிக்கும் பழங்களில் மாம்பழமும் ஒன்று. டார்வின், கேத்தரின் பக்கம் செப்டம்பருக்குப் பிறகு. குயின்ஸ்லாந்தின் போவனில் நவம்பர், டிசம்பர். பங்காருபாளையத்திலும் பூதலப்பட்டிலும் தாத்தா தோப்பில் கால் வைக்காத பையன் கேத்தரினில் மாங்காய் பறிக்கக் குலுக்கலில் நிற்பதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். 2025 சீசனில் நம் ஊர்த் தோதாப்புரி மாங்காய்க்கு அரசு மானியம் நாலு ரூபாயையும் சேர்த்துக் கிலோவுக்குச் சொன்ன விலை 12 ரூபாய். அந்த வருஷ ஜூலை முதல் ஆஸ்திரேலியாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர். பையன் கணக்குத் தெரிந்தவன்தான்.

ஆனால் மாம்பால் எந்த நாட்டிலும் மாம்பால்தான். காம்பு ஒடியும்போது பீச்சி அடிக்கிற அந்தப் பால் தோலில் பட்டால் கொப்பளிக்கும், தழும்பு நாள்பட நிற்கும். அதனால் அங்கே நாற்பது டிகிரி வெயிலிலும் முழுக்கைச் சட்டை, கையுறை. வண்டியோடு கூடவே நகரும் பறிப்பு மேடையில் சோப்புக் கரைசல் தெளித்துப் பாலைக் கழுவுவார்கள். மழை வந்தாலோ பழம் முற்றவில்லை என்றாலோ அன்றைக்குக் கூலி இல்லை; தங்குமிட வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

முன்பெல்லாம் ‘இத்தனை பெட்டிக்கு இவ்வளவு’ என்று பேசி, நாள் முழுக்கப் பறித்தாலும் சாப்பாட்டுக்கே பற்றாத கூலி கொடுத்தார்கள். 2022 ஏப்ரல் 28 முதல் பெட்டிக் கணக்கானாலும் மணிக்குக் குறைந்தபட்சக் கூலி கொடுத்தே ஆக வேண்டும். ரொக்கமாகத் தருகிறேன், கணக்கில் வராது என்பவரிடம் போனால் இந்தப் பாதுகாப்பும் போகும்.

கழிவுகளையும் பார்த்துவிடுங்கள். இந்த விசாக்காரர்களுக்கு முதல் டாலரிலிருந்தே 15 சதவீதம் வரி, 45,000 டாலர் வரை. உள்ளூர்க்காரருக்கு இருக்கும் வரியில்லாத வரம்பு உங்களுக்கு இல்லை. முதலாளி உங்கள் பெயரில் ‘சூப்பர்’ கணக்கில் 12 சதவீதம் போடுவார், நம் பி.எஃப். மாதிரி. ஊர் திரும்பும்போது அதை எடுக்கலாம். ஆனால் எடுக்கும்போது 65 சதவீதம் வரியாகப் போய்விடும். ‘சூப்பர் பணத்துலயே டிக்கெட் போட்டுடலாம்’ என்று யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள்.

நம்பிக்கை: இதில் போய் அப்படியே ஐ.டி. கம்பெனியில் உட்கார்ந்து, பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) வாங்கிவிடலாம்.

ஆஸ்திரேலியாவில் ஒரே முதலாளியிடம் பொதுவாக ஆறு மாசத்துக்கு மேல் இருக்க முடியாது. இரண்டாவது வருஷம் வேண்டுமென்றால், குறிப்பிட்ட பகுதிகளில் தோட்டம், சுற்றுலா போன்ற குறிப்பிட்ட வேலைகளை மூன்று மாசம் செய்து காட்ட வேண்டும். பிரிட்டன் பிள்ளைகளுக்கு 2024 ஜூலையிலிருந்து இந்த நிபந்தனை இல்லை, நமக்கு உண்டு. பிரிட்டன் திட்டத்திலோ இரண்டு வருஷம் முடிந்தால் நீட்டிப்பே கிடையாது.

நம்பிக்கை: கனடாவுக்கும் இதே மாதிரி இருக்கிறது, எங்களிடம் சீட் இருக்கிறது.

கனடாவின் ‘இன்டர்நேஷனல் எக்ஸ்பீரியன்ஸ் கனடா’ திட்டத்தின் நாட்டுப் பட்டியலில் இந்தியா இல்லை. இல்லாத பந்தியில் இலை போடுகிறார்கள்.

நம்பிக்கை: முப்பது தாண்டினால் முடிந்தது கதை.

முப்பதாவது வயது முழுவதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. இரண்டு நாடுகளும் 18 முதல் 30 வயதுவரை என்கின்றன. 31 பிறப்பதற்கு முன்பு தகுதி உண்டு. பிரிட்டனில் விசா தொடங்கும் நாளில் 31 ஆகியிருக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவில் விண்ணப்பிக்கும் நாளின் வயதுதான் கணக்கு. விசா கிடைத்த பிறகு உள்ளே நுழைய 12 மாசம் அவகாசம், அதற்குள் 31 ஆனாலும் பாதகமில்லை. உங்கள் நாலு பேரில் மூத்தவன் யார் என்று பாருங்கள். அவனுடைய பான் கார்டையும் பாஸ்போர்ட்டையும்தான் முதலில் சரிபார்க்க வேண்டும்.