வயதை மட்டும் குற்றம் சொல்லலாமா?

நம்பிக்கை: முதியோர் இல்லத்தில் ஒருவர் இறந்தால் காரணம் வயதுதான்; யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது.

உண்மை: வயதுக்குப் பங்கு உண்டு. ஆனால் 85 வயதான இருவரில் யாருக்கு ஆபத்து கூடுதல் என்பதை வயது சொல்லாது. தானாக எழுந்து நடக்கிறாரா, எடை இறங்குகிறதா, வாயில் வைத்த கவளத்தைப் புரையேறாமல் விழுங்குகிறாரா என்பவைதான் சொல்லும். அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரத்தில், 22 இல்லங்களில் மறதிநோய் முற்றிய 323 பேரை 18 மாதங்கள் கவனித்த ஆய்வு 2009இல் வெளியானது. அந்தக் காலத்துக்குள் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சுமார் 86 சதவீதம் பேருக்கு உண்பதில் சிக்கல் வந்தது. நிமோனியா கண்டவர்களில் ஏறத்தாழ 47 சதவீதம் பேர் ஆறு மாதங்களில் இறந்தனர்.

இவ்வளவு தளர்ந்தவர்களை எப்படிக் கவனித்தாலும் முடிவு ஒன்றுதானே என்று கேட்கலாம். அப்படியல்ல என்பதற்கு வலுவான சான்று மருந்துச் சீட்டிலேயே இருக்கிறது. மறதிநோயாளி கத்தினாலோ அலைந்தாலோ அமைதிப்படுத்த மனநோய் மருந்துகள் தரப்படுவதுண்டு. 17 சோதனைகளை ஆராய்ந்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005இல் கடுமையாக எச்சரித்தது. சுமார் பத்து வாரச் சோதனைகளில், இந்த மருந்துகளை உட்கொண்டவர்களில் 4.5 சதவீதம் பேர் இறந்தனர். மருந்தில்லாத போலி மாத்திரை பெற்றவர்களில் இறந்தவர்கள் 2.6 சதவீதம்தான். இரு தரப்பிலும் முதுமையும் அதே, நோயும் அதே. வேறுபட்டது மருந்து மட்டுமே. அதற்காக மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

வாய்ச் சுத்தம் பற்றிய சான்று இவ்வளவு உறுதியானதல்ல. ஜப்பானில் 11 இல்லங்களில் சாப்பிட்டபின் பணியாளர்கள் பல் துலக்கிவிட்ட முதியவர்களில் 11 சதவீதம் பேருக்கும், அப்படித் துலக்கிவிடப்படாதவர்களில் 19 சதவீதம் பேருக்கும் நிமோனியா வந்தது. பின்னாளில் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் நடந்த சோதனையில் பலன் தெரியவில்லை. ஆனாலும் வலியில்லாத, சுத்தமான வாய் எந்த முதியவருக்கும் உரிமை. குழாய் வழியே உணவு செலுத்தினால் ஆயுள் நீளும் என்ற நம்பிக்கைக்கோ, மறதிநோய் முற்றியவர்களைப் பொறுத்தவரை ஆதாரமே இல்லை. கையால் பொறுமையாக, கவனமாக ஊட்டுவதையே அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் பரிந்துரைக்கிறது.

எல்லா மரணத்தையும் தள்ளிப்போட முடியாது, தேவையும் இல்லை. ஆனால் சென்ற மாதத்தைவிட எடை குறைந்ததா, எந்த மாத்திரை எதற்கு, பொறுமையாக ஊட்ட ஆள் இருக்கிறாரா என்று குடும்பத்தார் கேட்க வேண்டும். ‘வயதாகிவிட்டது’ என்பது இவற்றில் எதற்கும் பதிலாகாது.