வயிறு நிறைந்தால் போதுமா?



மெலிந்த குழந்தையை வார்டில் சேர்த்து, பாலும் சத்துமாவும் கொடுக்கிறோம். எடை ஏறுகிறது, தாயின் முகம் மலருகிறது. ஆனால் வீடு சென்ற சில பிள்ளைகள் மீண்டும் மெலிந்து வருகிறார்கள். ஆகாரம் கொடுத்தும் ஏன் இப்படி? இதற்கான ஒரு காரணத்தை இம்மாதம் படிப்போம்.

நம் பெருங்குடலில் கோடானுகோடி நுண்ணுயிரிகள் குடியிருக்கின்றன. எல்லாமே நோய்க்கிருமிகள் அல்ல. சில, தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்க இயலாத சர்க்கரைகளைச் செரிக்கின்றன. சில, நார்ச்சத்தைப் புளிக்கவைத்துக் குடல்சுவருக்கு ஆகாரம் தருகின்றன. இடத்தையும் உணவையும் இவை பகிர்ந்துகொள்வதால் தீய கிருமிகள் எளிதில் காலூன்ற முடிவதில்லை. ஒரு வகை குறைந்தாலும் அதன் வேலையை மற்றொன்று ஏற்றுக்கொள்ளும். வகைகள் பல இருப்பதன் நன்மை இதுவே.

தாய்ப்பால் மட்டும் பருகும் சிசுவின் குடலில் சில வகைகளே மிகுந்திருக்கும். இணை உணவு தொடங்கியபின் வகைகள் பெருகி, சுமார் மூன்று வயதில் பெரியவர்களுடையதைப் போலாகும். வங்காளதேசத்தின் டாக்கா நகரில் நடந்து 2014இல் வெளியான ஆய்வு, கடுமையாக மெலிந்த பிள்ளைகளின் நுண்ணுயிர்க் கூட்டம் அவர்கள் வயதுக்கேற்ப முதிராமல் பின்தங்கியிருந்ததைக் காட்டியது. சிகிச்சை உணவு அதை ஓரளவே, அதுவும் சிறிது காலமே, சரிசெய்தது.

2021இல் அதே நகரின் மிர்பூர் பகுதிப் பிள்ளைகளிடம் நடந்த மற்றொரு ஆய்வின் முடிவு வெளியானது. 12 முதல் 18 மாதமான, மிதமாக மெலிந்த 123 பிள்ளைகள் அதில் சேர்ந்தனர். ஒரு பிரிவினருக்குக் கொண்டைக்கடலை, நிலக்கடலை, சோயா, வாழைக்காய் சேர்ந்த உணவு. மற்றவர்களுக்கு வழக்கமான துணை உணவு. முதல் உணவில் கலோரி குறைவு. ஆயினும் மூன்று மாதத்தில் அப்பிள்ளைகளே நன்றாகத் தேறினர். நன்மைசெய்யும் நுண்ணுயிரிகளை அந்த உணவு போஷித்திருந்தது. ஆய்வு சிறியதே, எனினும் வயிற்றை நிரப்புவது மட்டும் போதாது என்பதை நமக்குக் கற்பிக்கிறது.

ஆகவே தாய்மாருக்கு நாங்கள் சொல்வது: ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்; பின்பு தாய்ப்பாலோடு பருப்பு, காய், பழம் எனப் பலவகை ஆகாரம்; டாக்டர் சொல்லாமல் ஆன்டிபயாட்டிக் வேண்டாம், அது நல்லவற்றையும் கொல்லும்.

சரீரத்தில் பலவீனமாய்த் தோன்றும் அவயவமும் அவசியமே என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதினார். கண்ணுக்குத் தெரியாத இச்சிற்றுயிர்களிலும் சிருஷ்டிகரின் ஞானத்தைக் காண்கிறோம். மீண்டும் மெலிந்து வரும் பிள்ளைகளுக்காகவும், வறுமையில் போராடும் அவர்கள் தாய்மாருக்காகவும் ஜெபியுங்கள். உங்கள் காணிக்கை அவர்கள் தட்டில் ஆகாரமாகிறது.