பழைய வரைகலை அட்டைகளை ஒப்பிடுமாறு

இரு கருவிகளை ஒப்பிட்டு, இது சிறந்தது, அது தாழ்ந்தது எனத் தீர்ப்புக் கூறுதல் எளிது. அத்தீர்ப்புக்கு ஏற்ற அளவையைத் தெரிந்தெடுத்தலே அரிது. இவ்வுண்மையை விளக்குதற்குக் கணினி விளையாட்டில் ஈடுபாடுடையோர் நன்கறிந்த ஒரு பொருளை ஈண்டு எடுத்துக்கொள்வோம். கிராபிக்ஸ் கார்ட் என வழங்கும் வரைகலை அட்டையே அப்பொருளாகும். பழைய கணினிகளைத் திருத்தி, அவ்வக்காலத்து விளையாட்டுக்களை அவ்வக்காலத்துக் கருவிகளிலேயே ஆடி மகிழ்வோர் இன்று பலர் உளர். கைமாறி வரும் அட்டைகளுள் எதனை வாங்குவது என்னும் வினா அவர்க்கு எழுகின்றது. பெயரையும் எண்ணையும் மாத்திரம் நம்பிப் பணங்கொடுப்போர் எவ்வாறு ஏமாறுவர் என்பதை இவ்வட்டைகளின் வரலாறே காட்டும்.

முதற்கண் அட்டையின் தொழிலை அறிவோம். விளையாட்டிலே தோன்றும் காட்சி எண்ணிறந்த முக்கோணங்களால் ஆயது. அவற்றின்மீது உரிய படங்களைப் போர்த்தி, ஒவ்வொரு படப்புள்ளிக்கும் நிறங் கணித்துத் திரைக்கு அனுப்புவது அட்டையின் கடமை. 1024க்கு 768 என்னும் அளவுடைய திரையில் 786,432 படப்புள்ளிகள் உள. செக்கனுக்கு 60 படம் வேண்டுமாயின், 4 கோடியே 71 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகளுக்கு ஒரு செக்கனில் நிறந் தீட்டுதல் வேண்டும்.

இனி, நம்மை மயக்கும் அளவைகளை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, பெயரிலுள்ள எண். என்விடியா நிறுவனம் 2001இல் ஜீபோர்ஸ் 3 என்னும் அட்டையையும், 2002இல் ஜீபோர்ஸ் 4 எம்.எக்ஸ். என்னும் வரிசையையும் வெளியிட்டது. நான்கு மூன்றினும் பெரிதன்றோ என எண்ணுவோர் தவறுவர். படப்புள்ளிக்கு நிறமூட்டும் முறையை விளையாட்டை ஆக்குவோரே நிரலாக எழுதத்தக்க வசதி, ஜீபோர்ஸ் 3இல் உண்டு. ஷேடர் எனப்படும் அவ்வசதி 4 எம்.எக்ஸ். வரிசையில் இல்லை, அது பெரும்பாலும் ஜீபோர்ஸ் 2இன் வழிவந்ததே.

இரண்டாவது, மெகாஹேர்ட்ஸ் கணக்கு. 2002இல் வந்த ஏ.ரி.ஐ. நிறுவனத்தின் றேடியன் 9700 புரோ 325 மெகாஹேர்ட்ஸில் இயங்கியது. 2003இல் அதற்கு எதிராக வந்த ஜீபோர்ஸ் எப்.எக்ஸ். 5800 அல்ட்ரா 500 மெகாஹேர்ட்ஸில் இயங்கியது. எனினும், முன்னதில் படப்புள்ளிகளைத் தீட்டும் வழிகள் எட்டு, பின்னதில் நான்கே. முன்னதன் நினைவகப் பாதை 256 பிட் அகலமுடையது. பின்னதன் பாதை 128 பிட். ஆதலின் றேடியனின் நினைவகம் செக்கனுக்கு ஏறக்குறைய 19.8 கிகாபைட் தரவைக் கடத்த, மற்றையது 16 கிகாபைட்டையே கடத்தியது. புதிய ஷேடர்களை மிகுதியாகக் கையாண்ட விளையாட்டுக்களில் றேடியனே முந்தியது. விரைந்து ஓடுபவன் நால்வரிலும், சற்று மெல்ல நடக்கும் எண்மர் மிகுதியாகச் சுமப்பர் என்க.

மூன்றாவது, நினைவகத்தின் கொள்ளளவு. 1999இல் வந்த ஜீபோர்ஸ் 256 அட்டை இருவகையாய் விற்பனையாயிற்று. இரண்டிலும் 120 மெகாஹேர்ட்ஸ் வேகமுள்ள அதே சில்லு. 32 மெகாபைட் நினைவகம் என்னும் குறிப்பும் இரண்டற்கும் பொது. ஆயினும், எஸ்.டி.ஆர். நினைவகமுடையது செக்கனுக்கு ஏறக்குறைய 2.7 கிகாபைட்டும், டி.டி.ஆர். நினைவகமுடையது 4.8 கிகாபைட்டும் கடத்தின. திரையின் அளவைக் கூட்டியவிடத்து இவ்வேறுபாடு வெளிப்பட்டது. கிணற்றின் ஆழத்தைக் கேட்போர் துலாவின் வலுவையுங் கேட்டல் வேண்டும்.

இனி, வேகத்தின் வேறாகிய தகுதி என்பதொன்றும் உண்டு. 2004இல் றேடியன் எக்ஸ் 800, ஜீபோர்ஸ் 6800 ஆகிய இரண்டும் சமநிலையிற் போட்டியிட்டன. ஆனால் ஷேடரின் மூன்றாம் பதிப்பைப் பின்னதே ஆதரித்தது. 2007இல் வெளிவந்த பயோஷொக் என்னும் விளையாட்டு அப்பதிப்பைக் கட்டாயமாக வேண்டியதால், முன்னது வேகமிருந்தும் வாயிலில் நின்றது.

இவையனைத்தும் அறிந்தபின்னும் இறுதிச் சான்று அளந்தறிதலே. கணினி, இயக்கி மென்பொருள், விளையாட்டு, காட்சி, திரையளவு ஆகியன ஒன்றாயிருக்க, அட்டையை மாத்திரம் மாற்றி அளத்தல் வேண்டும். 640க்கு 480 போன்ற சிறிய திரையளவில் அளந்தால், பெரும்பாலும் கணினியின் மையச் செயலியே எல்லையாய் நிற்கும்; விரைவான அட்டையும் மெல்லிய அட்டையும் ஒன்றுபோலத் தோன்றும். அட்டையை அறியத் திரையளவைப் பெருக்குக.

சராசரியும் முழுவுண்மை கூறாது. ஓர் அட்டை பத்துச் செக்கனும் 60 படம் வீதம் தந்ததெனக் கொள்வோம். மற்றோர் அட்டை எட்டுச் செக்கனுக்கு 70 வீதமும், இரண்டு செக்கனுக்கு 20 வீதமும் தந்ததெனக் கொள்வோம். இரண்டின் மொத்தமும் 600; சராசரியும் 60. ஆயினும் பின்னது, பகைவர் சூழ்ந்த நெருக்கடியில் தடுமாறி ஆடுவோனைக் கைவிடும். ஆகவே தாழ்ந்த எண்ணையுங் குறித்தல் முறையாம்.

எண்ணோடு படத்தையும் பார்த்தல் வேண்டும். 2001இல் றேடியன் 8500 அட்டையின் இயக்கி, குவேக் 3 என்னும் விளையாட்டைப் பெயரால் அடையாளங் கண்டு, மேற்பரப்புப் படங்களின் தரத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டியமை வெளிப்பட்டது. விளையாட்டுக் கோப்பின் பெயரைச் சோதனையாளர் மாற்றியதும் வேகங் குறைந்தது, படந் தெளிந்தது. பின்வந்த இயக்கியில் அக்குறை நீக்கப்பட்டது. அளவைக்கென்று நடிக்கும் கருவி, தேர்வுக்கென்று மாத்திரம் மனனஞ் செய்யும் மாணவனை ஒக்கும்; வினாவைச் சற்றே மாற்றிக் கேட்டால் அவனது நிலை தெரிந்துவிடும்.

மாணவ நண்பர்களே! இவ்வட்டைகள் பழையனவாய்விட்டன, அவற்றை ஒப்பிடும் முறை பழையதாகவில்லை. விற்பவர் கூறும் ஓர் எண்ணைக் கேட்டவுடன், அஃது எதனை அளக்கின்றது, எதனை அளக்கவில்லை என்று வினவுக. பின்னர், நாம் செய்யக் கருதிய வேலையையே அக்கருவியிடம் கொடுத்துச் சோதிக்க. இவ்விரண்டையுஞ் செய்வோர் அட்டை வாங்குவதில் மட்டுமன்றிப் பிறவற்றிலும் எளிதில் ஏமாறார்.