தொண்டுக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும்

போர்க்காலத்தில் வடக்கின் அரச பாடசாலைகளில் ஆசிரியர் பற்றாக்குறை நிலவியபோது, ஊர் இளைஞர் யுவதிகள் தொண்டர் ஆசிரியர்களாகக் கற்பித்தனர். 2009இல் போர் முடிந்தபின், அவர்களுட் பலர் நிரந்தர நியமனம் கேட்டு வீதியில் நிற்க நேர்ந்தது. இதிலிருந்து நாம் கற்பது என்ன?

1. பாடசாலையோ பிரதேச செயலகமோ தொண்டரை அழைக்கும்போதே பணியையும் காலத்தையும் எழுத்தில் தரவேண்டும்.

2. பிரயாணச் செலவைக் கொடுக்கவேண்டும். தலைமன்னாரிலிருந்து மன்னார் நகருக்குத் தினமும் வருபவருக்கு பஸ் கட்டணமே சுமை.

3. நாள்வரவைப் பதியவேண்டும். பதியாத சேவையைப் பின்னர் நிறுவுவது கடினம்.

4. சம்பளத்துக்குரிய வெற்றிடத்தைத் தொண்டரைக் கொண்டு நிரப்பலாகாது.

இவை இருந்தால் இளையோர் மனமுவந்து முன்வருவர்.

சிந்திக்க: நமது கிராம அபிவிருத்திச் சங்கம் அனுப்பும் தொண்டர்களுக்காக இவற்றை நாம் கேட்டிருக்கிறோமா?