செதுக்கு அச்சுப்படத்தை மூலாதாரமாகப் பயன்படுத்தல்: கோப்பிக் காலப் போக்குவரத்து

மாணவர்களே, பல்லேகல என்றதும் உங்களுக்கு நினைவுக்கு வருவது கிரிக்கெட் மைதானமாகவே இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் அது தும்பறைப் பள்ளத்தாக்கின் பெருந்தோட்டங்களுள் ஒன்று. யமேக்காவில் கோப்பிப் பயிர்ச்செய்கை பழகி 1837இல் இலங்கைக்கு வந்த ஆர். பி. டைட்லரின் பெயர் அத்தோட்டத்துடன் இணைந்தது.

1840களில் தேசாதிபதி, நீதிபதிகள், குருமார் எனப் பலரும் கண்டி மலைநாட்டில் காணி வாங்க முண்டியடித்தனர். குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1859இல் வெளியிட்ட தமது நூலில் இதனைக் கலிபோர்னிய, அவுஸ்திரேலியத் தங்க வேட்டைகளுடன் ஒப்பிட்டார். ஆனால் இங்கு வந்தோர் பொன்னைத் தோண்டவில்லை, தம் பொன்னையே மண்ணில் புதைத்தனர் என்பது அவர் கருத்து. 1847இல் விலை வீழ்ந்தபோது பலர் நட்டமடைந்தது உண்மையே.

இக்காலத்தைக் காட்டும் படங்கள் பல மரச்செதுக்கு முறையில் அச்சானவை. கடினமான மரக்கட்டையில் கோடுகளை மட்டும் மேடாக விட்டு, ஏனையவற்றைச் செதுக்கி நீக்குவர். எழுத்துகளுடன் சேர்த்தே அச்சிடலாம் என்பதால் 1842இல் தொடங்கிய ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ போன்ற பத்திரிகைகள் இதனை விரும்பின. பெரிய படமாயின் பல கட்டைகளை இணைத்து, பலர் பகிர்ந்து செதுக்குவர். இங்கு வரைந்த படம் கப்பலில் இலண்டன் சென்று, இலங்கையையே காணாத ஒருவரின் உளியால் முடிவு பெறக்கூடும். ஆகவே “படத்தில் உள்ளவாறே அன்று இருந்தது” என எழுதிவிடாதீர்கள்.

காலத்தை எவ்வாறு கணிப்பது? மகாவலியின் மேல் ஒரே வளைவாக நிற்கும் மரப்பாலத்தில் மாட்டு வண்டி செல்வதாகக் கொள்வோம். பேராதனையில் முதிரை மரத்தாலான பாலம் 1833 அளவில் அமைந்தது. 1905இல் அதற்குப் பதிலாக இரும்புப் பாலம் வந்தது. எனவே காட்சி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. வண்டி இருப்பதால் 1867இல் கண்டிக்குப் புகையிரதம் வருவதற்கு முந்தியது என்று முடிவு செய்யலாமா? முடியாது. அதன் பின்னரும் தோட்டத்திலிருந்து நிலையம்வரை கோப்பி மூடைகளை இழுத்தவை மாடுகளே. பலர் தவறுவது இவ்விடத்தில்தான்.

படத்தில் இல்லாதவற்றையும் கேளுங்கள். வண்டி கோப்பியைக் கொழும்புக்குக் கொண்டு சென்றது. அதனைப் பறித்த கைகள் எவ்வாறு வந்தன? தமிழகத்திலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர் தம்புள்ளை, மாத்தளை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்தே வந்தனர். கொலராவாலும் பசியாலும் வழியில் மடிந்தோர் ஆயிரக்கணக்கானோர். கோப்பியை ஏற்றவே புகையிரதப் பாதை அமைந்தது. அவர்கள் நடந்த பாதைக்கு அப்போது புகையிரதம் வரவில்லை. நம்மில் பலரின் முன்னோர் இவர்கள் என்பதால் இப்பகுதியைச் சற்று நிறுத்திப் படியுங்கள்.

பயிற்சி வினா: கோப்பி மூடை ஏற்றிய மாட்டு வண்டித் தொடரைக் காட்டும் அச்சுப்படம் ஒன்று தரப்பட்டுள்ளது.
(அ) அதிலிருந்து நேரடியாக அறியக்கூடிய இரு விடயங்களை எழுதுக.
(ஆ) அதிலிருந்து அறிய முடியாத ஒன்றைக் குறிப்பிட்டு, அதனை அறிய உதவும் வேறொரு மூலாதாரத்தைப் பெயரிடுக.

(ஆ) பகுதிக்கு “வேறு நூல்கள்” என்று மட்டும் எழுதினால் போதாது. துறைமுகப் பதிவேடு, தோட்டச் சம்பளப் புத்தகம் எனத் திட்டமாகக் குறிப்பிடுங்கள்.